காளை பார்த்த பக்கம்

இது நடந்தது கம்ப்யூட்டர் விருத்தாசலத்து ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்த வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கலாம். தவக்காலம் என்பது மட்டும் நிச்சயம். உபகாரமேரி அந்த வாரத்தில் மழை பெய்தது என்கிறாள். பங்குனியில் இங்கே மழை ஏது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததில் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் பல இடங்களில் ஒட்டவில்லை. காசில் இருந்தது காளை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அது எந்தப் பக்கம் பார்த்தது என்பதில்தான் ஒரு வீடு கலைந்துபோனது.

வளனின் ஸ்டுடியோ ஜங்ஷன் ரோட்டில், சைக்கிள் கடைக்கும் முந்திரிப் பருப்பு மண்டிக்கும் நடுவே இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம், பீங்கான் கம்பெனிகளின் கப்புக்கும் ஜாடிக்கும் படம் என்று வேலை வந்துகொண்டிருந்தது. வளன் அதிகம் பேசமாட்டான். நாற்பதைத் தாண்டியவன். நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று பார்க்காமல் ஒரு பிரிண்ட்கூடப் போட்டதில்லை. மாற்றிப் போட்டால் பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒரு தடவை அப்படிப் போட்டுக் கொடுத்துவிட, பெண்ணின் அப்பா வந்து கடை வாசலில் நின்று கத்தினார். வளன் அதை நினைத்து நினைத்துப் பல நாள் சிரித்தான்.

சாயங்காலம் ஆனால் கொளஞ்சிநாதன் வந்துவிடுவார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. வளனைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பழைய காசு சேர்ப்பவர். மணிமுத்தாற்று மணலை அலசுகிறவர்கள் கையில் எது கிடைத்தாலும் முதலில் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒவ்வொரு காசையும் சின்னத் துணி உறையில் போட்டு, உறைகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். டின்னோடு வந்து, சன்னலோர மர நாற்காலியில் உட்காருவார். வளன் ஒரு காசை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை மறைப்பாகக் கட்டி, படம் எடுப்பான். எதிர்க் கடை டீ வரும். இரண்டு பேரும் குடிப்பார்கள். ஜங்ஷனில் கடலூர் வண்டி வந்துபோகும் சத்தம் கேட்கும். இருட்டியதும் "வரட்டா வளனு" என்பார். "சரிண்ணே" என்பான். பல வருஷமாக அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். வளனுக்கு அது போதுமாக இருந்தது. கோயிலில் பூசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல அந்த ஒரு மணி நேரம் என்று அவன் ஒரே ஒரு தடவை பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

உபகாரமேரி தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் கோடு போடுகிற வேலை செய்தாள். சின்ன இரும்புச் சக்கரத்தின் மேல் கப்பை வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையிலிருக்கும் தூரிகையை விளிம்பில் வைத்தால் தங்கக்கோடு தானாக விழும். அவளுடைய தம்பிதான் ராபர்ட். சென்னையில் மல்டிமீடியா படித்து ஒரு கம்பெனியில் இருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டரைக் கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"கொஞ்ச நாளைக்கு ஸ்டுடியோவுலயே ஒக்காரட்டுங்க" என்றாள் உபகாரமேரி. "கல்யாண ஆல்பம் எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதான் பண்றாங்களாம்."

"ஒக்காரட்டும். நான் வேணாங்கலியே" என்றான் வளன்.

கம்ப்யூட்டர் வைக்க வெளிச்சம் படாத இடம் வேண்டும் என்றான் ராபர்ட். அந்த மாதிரி இடம் சன்னலுக்கு எதிர்ச் சுவர்தான். ஸ்கிரீன் தெரிய வேண்டுமானால் மர நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. திருப்பிப் போட்டார்கள்.

முதலில் திரையில் ஓடியது, ராபர்ட் கேட்டு வாங்கி வைத்திருந்த, ராணித் தலை போட்ட கொளஞ்சிநாதனின் வெள்ளிக் காசு ஒன்று. சாயங்காலம் கொளஞ்சிநாதன் வந்து உட்கார்ந்ததும் ராபர்ட் ஒரு பட்டனைத் தட்டினான். கறுப்புத் திரையின் நடுவே காசு நின்றுகொண்டு சுற்றத் தொடங்கியது.

"பாருங்க சார். இப்ப தலை. அப்புடியே திரும்புது பாருங்க. இப்ப விளிம்பு. விளிம்புல ஒரு கீறலு இருக்குது, தெரியுதா?"

"இந்தக் கீறலு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுப்பா."

"இப்ப பின்பக்கம்."

"நிறுத்து, நிறுத்து. மறுபடியும் ஓட்டு."

"அது நிக்காம ஓடும் சார். நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் போயி டீ குடிச்சிட்டு, முடிவெட்டிக்கிட்டு வந்துடறன்."

கொளஞ்சிநாதன் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். இருட்டறை வாசலில் நின்றிருந்த வளன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்படிப்பா பண்ண? இது த்ரீ-டியா?"

"அந்த மாதிரிதான் சார். காச நிக்க வச்சி, கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி, ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு போட்டோ. எல்லாத்தையும் வரிசையா ஓட்டுனா சுத்துற மாதிரி இருக்கும். திருப்புறது அக்கா. கம்பெனி சக்கரத்த மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கியாந்துச்சு."

"ஒங்கக்காளுமா இதுல கூட்டு" என்று கொளஞ்சிநாதன் வளனைப் பார்த்தார். "என்னா வளனு, நீ சொல்லவே இல்ல?"

வளனுக்கே அது அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் வீட்டு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காளும் தம்பியும் உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் ஓட்டு வழியாக இறங்கிக்கொண்டிருக்கும். விளக்குச் சூடு வேறு. சக்கரத்தில் காசு நிற்பதற்காக, உபகாரமேரி கம்பெனியிலிருந்து கொஞ்சம் வெள்ளை மண்ணைப் பிசைந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதில் காசின் விளிம்பை மட்டும் லேசாக ஊன்றினால் நிற்கும். வளன் அடுப்படியில் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

"அக்கா, மயிரிழைதான் திருப்பணும். மயிரிழை."

"டேய், சக்கரத்தப் பத்தி எனக்கே சொல்லித் தரியா. ஊருல பாதிப் பேரு டீ குடிக்கற கப்புல நான் இழுத்த கோடு இருக்குது."

"அதான் டீ கோணலா ஒழுவுதா."

"ஒதை வாங்கப்போற."

"கோடு போடறப்ப நீ பேசிக்கிட்டே இருப்பியாம். சூளைக்கார கோவிந்தராசு அண்ணன் சொன்னாரு."

"அவரு சூளையப் பாக்கறாரா, என் வாயப் பாக்கறாரா?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். வளன் தோலை முறத்தில் தள்ளிவிட்டு, "சோறு உண்டா இன்னிக்கு?" என்று கேட்பான். "போட்டுக்கங்க, உறியில கொழம்பு இருக்குது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். கல்யாணமான புதிதில் அவளும் ஸ்டுடியோவுக்கு வந்து, படம் எடுக்கும்போது வெள்ளைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்போது நின்றுபோனாள் என்று அவனுக்கு நினைவில்லை. அவன் கூப்பிடாமல் விட்டதால்தான் நின்றாள் என்பதும் நினைவில்லை.

மாசக் கடைசியில் புதுச்சேரியில் காசு சேர்ப்பவர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் கொளஞ்சிநாதன் வளன் எடுத்த படங்களை ஒரு ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு போவார். இந்தத் தடவை சி.டி. கொண்டுபோவதாக முடிவாயிற்று. ராபர்ட் இன்னொரு வித்தையும் செய்து காட்டினான். காசைப் படுக்க வைத்து அசைக்காமல், விளக்கை மட்டும் அதைச் சுற்றி நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்கள். ஓட்டினால், காசின் மேல் விடிந்து சாய்ந்து மறுபடி விடிவதுபோல நிழல் நகரும். தேய்ந்த எழுத்து ஒரு பக்கத்து வெளிச்சத்தில் எழும்பி வந்து, அடுத்த பக்கத்தில் மூழ்கிப்போகும். கொளஞ்சிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பேச்சே இல்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது வளனுக்கு. அந்த மௌனம் அவனுடையது. அவனும் அவரும் சேர்ந்து பல வருஷம் உட்கார்ந்து உண்டாக்கியது. அதை அவர் இப்போது இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து செலவு செய்துகொண்டிருந்தார்.

டின்னில் ஒரு செம்புக் காசு இருந்தது. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எந்த ராஜா காலத்தது என்று கொளஞ்சிநாதனுக்கே தெரியாது. ஒரு பக்கம் முழுக்க மொட்டை. மறுபக்கத்தில் மேடுபோல ஏதோ தட்டுப்படும். யானையா, குதிரையா, மாடா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தும் விளங்கவில்லை. வளன் அதைப் பல தடவை எடுத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. "இருக்கட்டும் வளனு, அது காட்டுறப்ப காட்டும்" என்பார் அவர்.

கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை அந்தக் காசை எடுத்து ராபர்ட் மேஜையில் வைத்தார்.

"இத மட்டும் கண்டுபுடிச்சிக் குடுத்துடுப்பா. வளனும் எத்தனையோ வருஷம் பாத்துட்டான். அவனால ஆவல. இது ஒன்னாலதான் ஆவும்."

குரலில் கெடுதல் ஏதும் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். வளன் அப்போது ஒரு குழந்தைக்கு பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரி குழந்தையின் காதோரம் ஓடிவிட்டது. வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் மத்தியானம் கரண்டு இல்லை. ராபர்ட் ஏதோ வயர் வாங்க நெய்வேலிக்குப் போயிருந்தான். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. மண்டியில் மூட்டைகளின் மேல் ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். வளன் ராபர்ட்டின் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றான். உறைக்குள் காசு இருந்தது. பக்கத்தில், ராபர்ட் வீட்டிலிருந்து எடுத்துவந்த வெள்ளை மண் ஈரத்துணியில் இருந்தது.

கம்பெனிகளுக்குப் படம் எடுக்கப் போகும்போது அவன் பார்த்திருக்கிறான். ஒரு பூ வேலைப்பாட்டை நகல் எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் மண்ணை அழுத்தி அச்சு எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட மண்ணில் தெரியும். செம்பு மினுங்கும், கறுக்கும். மண் வெள்ளையாக, மினுக்கமில்லாமல் இருக்கும். இது ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை என்று அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மண்ணை வடையளவு தட்டினான். காசை அதன் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். எடுத்துப் பார்த்தபோது பள்ளத்துக்குள் நான்கு கால்கள் இருந்தன. திமில் இருந்தது. கொம்பு இருந்தது. சன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சம் காளையின் முதுகுப் பக்கமிருந்து விழுந்தபோது அது பள்ளமாகவே கிடந்தது. அதன் காலடி சன்னலைப் பார்க்கும்படி திருப்பியதும், பள்ளம் கண்ணுக்கு முன்னாலேயே மேடாக எழுந்து நின்றது. மண்ணுக்குள்ளிருந்து காளை எழுந்து வந்ததுபோல இருந்தது. வளன் தன் பழைய ஃபிலிம் கேமராவை எடுத்தான்.

கரண்டு வந்ததும் இருட்டறைக்குப் போய்க் கழுவினான். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, வழக்கம்போல எந்தப் பக்கம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, சரியாக வைத்துப் பிரிண்ட் போட்டான். அவன் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். காசைத் துணியால் துடைத்து உறையில் போட்டான். அந்த மண் அச்சைக் கலைக்க மனம் வரவில்லை. காலியான பேப்பர் டப்பா ஒன்றில் வைத்து இருட்டறைப் பரணில் தள்ளினான்.

சாயங்காலம் கொளஞ்சிநாதனிடம் ஒன்றும் சொல்லாமல் பிரிண்டைக் கொடுத்தான்.

அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"மாடு" என்றார்.

"காளை" என்றான் வளன்.

"நம்ம காசா இது?"

"நம்ம காசுதாண்ணே."

கொளஞ்சிநாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வளனுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. அதோடு நின்றிருந்தால் போதும். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"வளனு, இங்க பாரு. இதுல போட்டிருக்கற இந்த வகைக் காசுல எல்லாம் காளை இடது பக்கம் பாக்குது. நம்மளுது வலது பக்கம் பாக்குது. எனக்குத் தெரிஞ்சி இப்படி ஒண்ணு யாருகிட்டயும் இல்ல."

அப்போதுதான் வளனுக்கு உறைத்தது. அச்சில் எல்லாம் மாறித்தான் இருக்கும். முந்தானை வலது தோளுக்குப் போயிருந்தது. நெகட்டிவை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தவன், மண்ணைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். கொளஞ்சிநாதன் சிரித்துவிட்டு, "அட, அச்சு எடுத்தியா, பரவால்லியே" என்றிருப்பார். ஆனால் அவர் இன்னும் கையை விடவில்லை. எதிரே கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. டீ வந்தது. இரண்டு பேரும் பழையபடி சன்னலைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். அவர்களுக்குள் பேச்சில்லாமல் இருப்பது வழக்கம்தானே. வளன் அந்த வழக்கத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை ராபர்ட் காலையிலிருந்தே அந்தக் காசோடு மல்லுக்கட்டினான். சாயங்காலம் கொளஞ்சிநாதன் வரும்போது உபகாரமேரியும் அரை நாள் வேலை முடிந்து அங்கே வந்திருந்தாள்.

"சார், வந்துட்டுது. வாங்க, வாங்க" என்றான் ராபர்ட். "முந்தா நாளு யானையான்னீங்கள்ல? காளை சார்."

"தெரியும்ப்பா. வளன் நேத்தே எடுத்துட்டான்" என்று அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ராபர்ட் ஓட்டினான். திரையில் காசு படுத்திருந்தது. நிழல் மெல்ல அதன் மேல் ஊர்ந்தது. ஒரு பக்கத்து வெளிச்சத்தில் கால் தெரிந்தது, அடுத்ததில் திமில், கடைசியாகக் கொம்பு. காளை இடது பக்கம் பார்த்து நின்றது.

கொளஞ்சிநாதன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பையிலிருந்து வளன் கொடுத்த பிரிண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது என்னாப்பா மாறி இருக்குது?"

ராபர்ட் பிரிண்டைப் பார்த்தான். "மாமா எடுத்ததா? படம் சூப்பரா இருக்குது. ஆனா திரும்பியிருக்குது சார்."

"எது திரும்பியிருக்குது? ஒன்னுதா, அவந்துதா?"

"என்னுது அப்படியே இருக்கறதுதான் சார். நான் எதும் பண்ணல."

எல்லோரும் வளனைப் பார்த்தார்கள். வளன் கேமராவின் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர்ல எதை வேணா எப்படி வேணா திருப்பலாம்ண்ணே" என்றான். "போன வாரம் கம்மாபுரத்துக் கல்யாணத்துல, மாப்ள படம் ஆல்பத்துல வெளியில பாக்குதுன்னு இவன்தான் திருப்பிப் போட்டான். கேட்டுப் பாருங்க."

"அது ஆல்பத்துக்கு மாமா. அழகுக்குப் பண்ணுனது."

"பண்ணுனியா இல்லியா?"

"பண்ணுனன். இதுல பண்ணல."

"நீ எதுல எடுத்த வளனு?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாட்சிக்குக் கேட்டார்.

"காசுலதாண்ணே. வேற எதுல எடுப்பன்."

கொளஞ்சிநாதன் காசை உறையிலிருந்து கொட்டி உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதிலும் அது பழையபடி வெறும் மேடுதான். அப்புறம் அவர் நெற்றி சுருங்கியது.

"என்னாப்பா இது, மூஞ்சியெல்லாம் மண்ணு? வெள்ளையா அடச்சிக்கிட்டு இருக்குது. விளிம்புல மட்டும் வைப்பன்னு சொன்ன?"

ராபர்ட் குனிந்து பார்த்தான். படம் எடுக்கும்போது காசு தூசியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தான். இந்தக் காசை அவன் நிற்க வைக்கவே இல்லை. படுக்க வைத்துத்தான் எடுத்தான். அதற்கு மண்ணே தேவையில்லை. காசைப் பார்த்தான். பிரிண்டைப் பார்த்தான். அதில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தான். பிறகு நிமிர்ந்து வளனைப் பார்த்தான். வளன் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. உபகாரமேரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சார்" என்றான் ராபர்ட். "கவனிக்கல. மன்னிச்சிடுங்க."

"எவ்வளவு நம்பிக் குடுத்தன்" என்றார் கொளஞ்சிநாதன். "பழசுப்பா இது. சட்டிபான இல்ல." சி.டி.யை எடுத்துப் பையில் போடப் போனவர், மேஜையிலேயே திரும்ப வைத்தார். "இது இருக்கட்டும். ஒரு படம் மாறியிருந்தா மத்ததையும் சந்தேகப்படுவாங்க. நான் வளன் படத்தயே கொண்டுபோறன்."

அவர் போனபிறகு ராபர்ட் கம்ப்யூட்டரை அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மூன்று பேரும் போனார்கள். வந்து இட்லி சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு ராபர்ட் கோணிச்சாக்கை எடுத்தான்.

"மெட்ராசுல ஒருத்தர் கூப்புட்டாருக்கா. நாளைக்கே வரச் சொன்னாரு."

"எப்ப கூப்புட்டாரு? நேத்து சொல்லலியே."

"கூப்புட்டாரு."

"டேய், என்னாடா நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல. சக்கரத்தக் கம்பெனியில குடுத்துடு." வாசலில் நின்று, "போயிட்டு வரேன் மாமா" என்றான். வளன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "ம்" என்றான்.

தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு உபகாரமேரி நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். சாவி அவளிடமும் ஒன்று இருந்தது. அவளுக்கு மண்ணைத் தெரியும். ஈரத்துணியில் வைத்த உருண்டை வடையளவு குறைந்திருந்ததை அவள் சனிக்கிழமையே பார்த்துவிட்டாள். விளிம்பு ஊன்ற அவ்வளவு தேவையில்லை. இருட்டறைப் பரணில் பேப்பர் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தாள். ஒன்று கனத்தது. அன்றைக்குத்தான் மழை வந்தது என்கிறாள். டப்பாவைப் பரணிலேயே விட்டு, உள்ளிருந்த அச்சை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தொழிற்பேட்டைவரை நடந்தாளாம். சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார் கோவிந்தராசு.

கொளஞ்சிநாதன் திங்கள், செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை வந்தார். கையில் டின் இல்லை. கம்ப்யூட்டர் இருந்த சுவர் காலியாக இருந்தது. நாற்காலி பழையபடி சன்னலோரம் கிடந்தது. உட்கார்ந்தார். டீ வந்து ஆறியது. கடலூர் வண்டி வந்தது, போனது.

"ராபர்ட் எங்க?"

"மெட்ராசுக்குப் போயிட்டாண்ணே."

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் வெகுநேரம் ஒன்றுமில்லை. வளன் அதற்கு முன்னால் எத்தனையோ சாயங்காலம் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். இது அந்த மௌனம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"குண்டூசி இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

"வேணாம், கீறிடும். துடைப்பக் குச்சி ஒண்ணு ஒடிச்சிக் குடு."

ஒடித்துக் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குச்சி நுனியால் பள்ளங்களிலிருந்து வெள்ளை மண்ணைப் பொறுமையாகக் கிளறி எடுத்தார். எடுத்த தூளை மேஜையின் ஓரத்தில் வளனுக்கு முன்னால் தட்டினார். ஒரு சிட்டிகை அளவுகூட இருக்காது.

"புதுச்சேரியில, கூட்டத்துல ஒரு சின்னப் பையன். காலேஜிக்கு இப்பதான் போறான்போல" என்றார். "படத்த வாங்கி, தலைகீழாப் புடிச்சான். அய்யா இது குழின்னான். வெளிச்சம் கீழேருந்து அடிக்குதுன்னான். எல்லாரும் வாங்கி ஒவ்வொருத்தராத் தலைகீழாப் புடிச்சிப் பாத்தாங்க. நானும் பாத்தன்."

வளன் வாயைத் திறந்தான்.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றார். "கேக்க வரல. ராபர்ட்டப் பாத்து, நீ மண்ணு அடச்சிட்டன்னு சொன்னன் பாரு, அதான் தூங்க வுட மாட்டங்குது."

காசைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எப்போதும் சொல்கிற "வரட்டா வளனு" அன்றைக்கு வரவில்லை.

அவர் தெரு திரும்பியதும் வளன் இருட்டறைக்குள் ஓடினான். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் தடவினான். வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது. பச்சை மண், தண்ணீர் பட்டால் ஒரு நிமிஷம்தான். டப்பா இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போனான். உபகாரமேரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் டி.வி.யின் மேல், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று அது இருந்தது. கிட்டே போய்த் தொட்டான். கல்லாகியிருந்தது. சூளைச் சூட்டில் சுருங்கி, உள்ளிருந்த காளை இன்னும் சிறுத்திருந்தது. இனிமேல் அந்தக் காசே அதில் பொருந்தாது.

"எங்க எடுத்த இத?" என்றான்.

அவள் தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றினாள்.

"பச்ச மண்ணா இருந்தா கரைச்சிடுவிங்க. அதான் சுட்டுட்டன்."

வளன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ராபர்ட் சென்னையில் ஒரு நகைக்கடைக்கு, வளையலும் மோதிரமும் கம்ப்யூட்டரில் சுற்றுகிற மாதிரி படம் செய்து கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனியாக ஆபீஸ் வைத்தான். அவன் கல்யாணத்துக்கு உபகாரமேரி மட்டும் போய் வந்தாள். கொளஞ்சிநாதன் ரிடையர் ஆகி, திட்டக்குடிக்கு மகள் பூர்ணிமா வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முன் ஒரு தடவை சென்னைக்குப் போய் ராபர்ட்டைப் பார்த்து, அந்த சி.டி.யை வாங்கிக்கொண்டு வந்தாராம். ஸ்டுடியோவுக்கு அவர் அப்புறம் வரவில்லை. மர நாற்காலியில் இப்போது ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் உட்காருகிறார்கள். சக்கரத்தை உபகாரமேரி அந்த வாரமே கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் இன்னும் கோடு போடுகிறாள். வளன் தன் கடையில் தானே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆல்பம் செய்கிறான். எந்த ஆளுடைய படத்தையும் திருப்பிப் போடுவதில்லை. சுட்ட அச்சு டி.வி. மேலேயே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, காளை நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்பார்கள். "அவரு செஞ்சதுதான்" என்பாள் உபகாரமேரி.